பூரணத்தின் குறட்டையும் நான் அடித்த தந்தியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி பூரணம் உண்மையில் குறட்டை விடவில்லை, என்னைத் தண்டிப்பதற்காகக் குறட்டை விடுவதுபோல நடிக்கிறாள் என்று இரண்டு நெற்போக காலம் நான் நம்பியிருந்தேன். மடத்தனம்தான். ஆனால் காரணம் இல்லாத மடத்தனம் அல்ல.

நாங்கள் முரசுமோட்டைக்குக் குடிவந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் இருந்த துண்டு நிலத்தை விட்டுவிட்டு, குளத்துத் தண்ணீர் பாயும் வயற்காணி அரசாங்கம் தருகிறது என்று வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவளும் ஒரு பசுமாடும். அவள் வளர்த்த புள்ளி ஆடு ஒன்று, சிறுத்தை கொண்டுபோய்விட்டது என்று கணக்கு. பின்னேரமானால் நான் சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய் முந்நூற்றுநாலு சீட்டு விளையாடுவேன். திரும்பிவந்து படலையைத் திறக்கும்போது உள்ளே குறட்டை கேட்கும். ‘சோறு சட்டிக்குள் மூடிக் கிடக்கிறது, நீயே போட்டுத் தின்’ என்று வாயால் சொல்லாமல் மூக்கால் சொல்கிறாள் என்று நான் பொருள் கண்டுபிடித்தேன்.

சாதாரணக் குறட்டை என்று நினைத்துவிடாதீர்கள். பனிக்காலத்துக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் உழவு இயந்திரத்தைக் கேட்டிருப்பீர்கள் அல்லவா? அதுதான். பக்கத்துக் காணிக்காரர் ஒருநாள் வரம்பில் நின்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

“அண்ணை, இந்தப் போகம் எங்கட பக்கம் வயலைக் கிண்டக் காட்டுப்பண்டியே வரேல்லை. அக்காவுக்கு ஒருக்கா நன்றி சொல்லிவிடுங்கோ.”

ஒருநாள் இவளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். பாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து, “இஞ்சேர், பளையிலையிருந்து உன்ர தம்பி வந்து நிக்கிறான்” என்று மெல்லச் சொன்னேன். குறட்டை சட்டென்று நின்றது. முற்றான அமைதி. அகப்பட்டுவிட்டாள்! நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். சிரித்து முடிகிற நேரத்தில், ஒரு பெரிய உறுமலோடு குறட்டை மறுபடி தொடங்கியது. பிடிபட்டதை மறைக்கப் பார்க்கிறாள் என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

அதன்பிறகு அது நிற்கும் ஒவ்வொரு தடவையும் நான் சிரித்தேன். இடையில் நிறுத்தி நான் என்ன செய்கிறேன் என்று ஒற்றுக் கேட்கிறாள் என்பது என் முடிவு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் இருந்தது.

காதுக்குள் நல்லெண்ணெயில் நனைத்த பஞ்சு வைத்துப் பார்த்தேன். வயலில் இருந்த காவல் கொட்டிலில் படுத்துப் பார்த்தேன், அங்கேயும் கேட்டது. வீட்டுச் சுவருக்கு மலேரியா மருந்து அடிக்க வந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் வேறு வாளியிலிருந்து அடித்தார்களா என்று விசாரித்தேன். கடைசியில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாடியைப் பிடித்துவிட்டு ஒரு சூரணமும், அதைவிட நீளமான ஒரு பத்தியமும் சொன்னார். தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடாது, கீரை கூடாது, பச்சைத் தண்ணீரில் தலை முழுகக் கூடாது, குளிர்ந்தது எதுவும் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. பூரணம் எல்லாவற்றையும் விட்டாள். குறட்டை மட்டும் அவளை விடவில்லை.

பிறகு அவள் பகலில் தூங்கத் தொடங்கினாள். அரிசி புடைத்தபடி சுளகைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள். அடுப்புக்கு முன்னால் தூங்குவாள். எனக்குப் புதிய சந்தேகம் பிடித்தது. இரவு முழுக்கக் குறட்டை விட்டு உறங்குகிறவளுக்குப் பகலில் ஏன் தூக்கம்? அப்படியானால் இரவில் அவள் உறங்கவில்லை. அப்படியானால் அது நடிப்பு. பார்த்தீர்களா, எவ்வளவு அழகாகக் கணக்குப் பார்த்தேன்! அதில் முதற்பாதி சரியாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலமை வாய்க்காலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள், குந்திய நிலையிலேயே தூங்கித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டாள். அது தண்ணீர் திறந்துவிட்ட நாள். வாய்க்கால் கரைமட்டம் ஓடியது. பக்கத்தில் தோய்த்த பெண்கள் சேலையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். நான் ஓடிப்போய் முதலில் கேட்ட கேள்வி, “ஆர் தள்ளிவிட்டது?”

“ஒருத்தரும் தள்ளேல்லை அண்ணை, அக்கா நித்திரையாப் போனவா” என்றார்கள். நம்பவில்லை. ஆனால் குனிந்து பார்த்தபோது, ஈரச் சேலையோடு, அந்த வெயிலில், அத்தனை பேருக்கு நடுவில், பூரணம் மறுபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இப்படி ஒருத்தியால் நடிக்க முடியாது. அந்த இடத்திலிருந்தே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

கிளிநொச்சியில் ஒரு டொக்டர் அவளுடைய வாய்க்குள் கரண்டியை வைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, “வவுனியாவுக்குக் கொண்டுபோங்கோ. சுணங்க வேண்டாம்” என்றார். ஒட்டிய கடிதம்! நல்ல செய்தியை யாராவது ஒட்டிக் கொடுப்பார்களா? பஸ் மாங்குளம் தாண்டுவதற்குள் எச்சில் தடவி உறையைப் பிரித்துவிட்டேன். முன் சீட்டிலிருந்த ஒரு வாத்தியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, “இங்கிலீசுதான். ஆனால் ஒரு எழுத்தும் பிடிபடேல்லை” என்றார். படித்த மனிதருக்கே விளங்காமல் எழுதியிருக்கிறார்கள் என்றால் விஷயம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்!

பூரணம் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முதன்முறையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வவுனியாவில் அவளைப் பெண்கள் வார்டில் கட்டில் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். நான் நெளுக்குளத்தில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, இரவல் சைக்கிளில் வந்து போனேன். பார்வையாளர் நேரம் மத்தியானம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். மற்ற நேரமெல்லாம் வெளி விறாந்தையில் மர வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த வாங்கில் எனக்குத் துணை மீரான் நானா. முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம். அவருடைய மனைவி வயிற்றில் ஓப்பரேசன் செய்து, பூரணத்துக்கு அடுத்த கட்டிலில் இருந்தார்.

“தம்பி, இஞ்ச எல்லாம் சும்மா செய்றாங்க. ஒரு சதம் வாங்க மாட்டாங்க” என்றார் நானா.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காசு வாங்காமல் ஒரு மனிதன் கத்தியை எடுக்கிறான் என்றால் அவனுக்கு இதில் என்ன லாபம்? இரண்டு நாளில் மூன்று தரம் ரத்தம் எடுத்தார்கள். சோதிக்க என்றால் ஒரு துளி போதாதா? மிச்ச ரத்தம் எங்கே போகிறது? நெஞ்சைப் படம் பிடித்தார்கள். தொண்டையில்தானே வருத்தம், நெஞ்சை எதற்குப் பிடிக்கிறார்கள்? கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, சிவப்பு மையால் ஏதோ எழுதினாள். மற்ற அட்டைகளைப் போய்ப் பார்த்தேன். சிவப்பு மை பூரணத்துக்கு மட்டும்தான்.

“மிஸ்ஸி, அது என்ன சிவப்பு?”

“நீல மை முடிஞ்சு போச்சு ஐயா.”

இப்படி ஒரு பதிலை நீங்கள் நம்புவீர்களா?

மூன்றாம் நாள் தொண்டை டொக்டர் வந்தார். மாதத்தில் சில நாட்கள் மட்டும் அங்கே வருகிறவர். மெல்லிய மனிதர், குரலும் மெல்லியது. பூரணத்தைப் பார்த்து முடித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

“ராத்திரியிலை குறட்டை விடுவாவோ?”

“விடுறது எண்டு சொல்லேலாது ஐயா. அடிப்பா.”

அவர் சிரிக்கவில்லை. “இடையிலை நிண்டுபோட்டு, பிறகு பெரிய சத்தத்தோட தொடங்குறதோ?”

“ஓம்.”

“நிக்கிற நேரம் மூச்சு ஓடுறதோ? நெஞ்சிலை கை வைச்சுப் பாத்தனீங்களோ?”

“இல்லை ஐயா.”

“எவ்வளவு நேரம் நிக்கும்?”

என்னிடம் மணிக்கூடு இருந்ததில்லை. எனக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான்.

“நான் சிரிச்சு முடியுமட்டும் ஐயா.”

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். தொண்டையின் இரண்டு பக்கமும் எல்லோருக்கும் சின்னதாய்ச் சதை உண்டு. இங்கிலீசில் டொன்சில் என்பார்கள். பூரணத்துக்கு அது பல வருடமாக வீங்கி வீங்கி, இரண்டு கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்ந்துவிட்டது. விழித்திருக்கும்போது தொண்டை இறுக்கமாக இருப்பதால் காற்றுக்கு வழி இருக்கும். தூங்கினால் தொண்டை தளரும். சதை இரண்டும் இரட்டைக் கதவுபோல ஒட்டிக்கொள்ளும். மூச்சு நிற்கும். உடம்பு பயந்து அரை விழிப்பு விழித்து, கதவை உதைத்துத் திறந்து காற்றை இழுக்கும். அந்த உதைதான் அந்த உறுமல்.

“ஒரு ராத்திரியும் அவா ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. அதுதான் பகலிலை தூங்கி விழுறா. வெட்டி எடுக்கவேணும். விட்டால் ஒருநாள் கதவு திறக்காமலும் போகலாம்.”

விறாந்தைக்கு வந்து வாங்கில் இருந்தேன். அவள் மூச்சுக்கு வழியில்லாமல் கிடந்தபோதெல்லாம், ஒரு சாண் தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியவன் நான். அதைப்பற்றி அதிகம் யோசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே டொக்டரைச் சந்தேகிக்கப் போய்விட்டேன். அது சுலபமாக இருந்தது.

ஓப்பரேசனுக்குச் சம்மதக் கடதாசி நீட்டினார்கள். ஏதாவது நடந்தால் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன் என்பது அதன் சாரம். நான் என் பெயரில் பாதியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு ஒன்று நடந்தால் ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று வாதாடலாம் என்பது என் திட்டம்.

மிஸ்ஸி பார்த்துவிட்டாள். “ஐயா, மிச்சப் பேர் எங்கை?”

“அவா உயிரோட வெளியாலை வரட்டும், போடுறன்.”

“இப்ப போடாட்டி உள்ளையே போகமாட்டா.”

போட்டேன்.

மறுநாட் காலமை அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். போகும்போது என்னைப் பார்த்து, “மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கினம்?” என்று மட்டும் கேட்டாள். கதவு சாத்தப்பட்டது. நானாவும் நானும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தோம். நானா வாய்க்குள் ஏதோ ஓதினார். எனக்காகவும் சேர்த்து ஓதச் சொன்னேன்.

கடைசியில் டொக்டர் வெளியே வந்தார். முகத்தில் களைப்பு. “முடிஞ்சுது” என்றார். முதற் சொல்லே அது! பிறகு நடந்துகொண்டே சொன்னார்: “இனிப் பத்தியம் ஒண்டும் இல்லை. அவா விரும்பினதைக் குடுங்கோ. ஐஸ்பழமும் குடுக்கலாம். குளிர்ந்தது எவ்வளவும் நல்லது.”

அப்படியானால் பூரணம் பிழைக்க மாட்டாள்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பரியாரியார் பத்தியம் சொல்கிறவரைக்கும் நோயாளிக்கு நம்பிக்கை உண்டு. கைவிடும்போது அவர் ‘செத்துப்போவார்’ என்று சொல்ல மாட்டார். மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு, ‘இனி விரும்பினதைக் குடுங்கோ’ என்பார். அவ்வளவுதான். என் தகப்பனாருக்கு அப்படித்தான் சொன்னார்கள். அம்மா அந்த இடத்திலேயே அழத் தொடங்கினார். அன்று பின்னேரம் தகப்பனார் ஆசைப்பட்ட பலாப்பழம் வந்தது, விடிவதற்குள் முடிந்துவிட்டது. இங்கே விரும்பியது மட்டுமல்ல, ஐஸ்பழமே கொடுக்கச் சொல்கிறார். புதுக் காயம் பட்ட தொண்டைக்குள் ஐஸ்! பிழைக்கப்போகிற ஒருத்திக்கு யாராவது அப்படிச் சொல்வார்களா?

நானாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எங்கட வாப்பாவுக்கும் இப்பிடித்தான் தம்பி சொன்னாங்க. அவர் வட்டிலப்பம் கேட்டார்.”

எதற்கும் ஒருதரம் மிஸ்ஸியிடம் ஓடிப்போய், “உண்மையைச் சொல்லுங்கோ, எப்பிடி இருக்கிறா?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை ஐயா, நல்லா இருக்கிறா.”

ஒன்றுமில்லை என்கிறாள்! அதுவும் வழக்கம்தானே.

நேரே தபாற்கந்தோருக்குப் போனேன். பளையிலிருந்த மச்சான் தருமுவுக்கு ஒரு தந்தி, பூரணத்தின் தமக்கைக்கு ஒரு தந்தி. போஸ்ட் மாஸ்டர் பேனையோடு நிமிர்ந்து, “கடுமை எண்டு போடவோ, முடிஞ்சுது எண்டு போடவோ?” என்றார்.

“இப்ப கடுமை எண்டு போடுங்கோ ஐயா. மற்றதுக்குப் பிறகு வாறன்.”

பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு குச்சியில் உறைந்த ஒரு சிவப்பு ஐஸ்பழத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனேன். பூரணம் சுவரோடு சாய்ந்து இருந்தாள். கதைக்கக் கூடாது என்று ஒரு பென்சிலும் கடதாசியும் கொடுத்திருந்தார்கள். ஐஸ்பழத்தை ஆவலோடு வாங்கிச் சூப்பத் தொடங்கினாள். கடைசி ஆசை! எனக்குத் தாங்க முடியவில்லை. கட்டிலருகே குந்திக்கொண்டு, போகிறவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தொடங்கினேன்.

“பூரணம், நீ நடிக்கிறாய் எண்டு நினைச்சுச் சிரிச்சனான். பக்கத்திலை இருந்து சிரிச்சனான். என்னை மன்னிச்சுக்கொள்.”

அவள் ஐஸ்பழத்தோடு என்னைப் பார்த்தாள்.

“இன்னும் ஒண்டு. உன்ர புள்ளி ஆட்டைச் சிறுத்தை கொண்டுபோகேல்லை. சீட்டிலை பந்தயம் கட்டித் தோத்துப்போனன்.”

சூப்புவதை நிறுத்தினாள்.

“வேலிக்குப் பக்கத்திலை ரத்தம் எண்டு காட்டினது... அது என்ர வெத்திலைத் துப்பல்.”

அவள் பென்சிலை எடுத்தாள். மன்னித்தேன் என்று எழுதப்போகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஒரு சொல்தான் இருந்தது: “வேறை?”

வேறையும் சொன்னேன். தமக்கையின் மகளுடைய கலியாணத்துக்கு மழையால் வண்டி வராமல் போனது என்று சொன்ன அன்று மழையே பெய்யவில்லை என்பதையும் சொன்னேன். அடுத்த கட்டிலில் நானாவின் மனைவி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டதை நான் அழுகை என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ரயிலில் சனம் வந்து இறங்கியது. தருமு, தமக்கை, அவர்களோடு பளையிலிருந்து இன்னும் ஆறேழு பேர். பெண்கள் வாசலிலேயே தலையில் கை வைத்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். தருமு என் சட்டையைப் பிடித்தான்.

“அத்தான், என்ர அக்காவை என்ன செய்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ!”

அவனுக்கும் சந்தேகம். அதற்காக நான் அவனைக் குறை சொல்லவில்லை. எல்லோருமாக அழுதுகொண்டு வார்டுக்குள் நுழைந்தோம். பூரணம் கட்டிலில் சம்மணம் கட்டியிருந்து, நானாவின் மனைவி கொடுத்த இன்னொரு ஐஸ்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். ஒப்பாரி நடு வரியில் நின்றது. மிஸ்ஸி ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் டொக்டர் வந்தார்.

“ஆர் இஞ்சை செத்தது?” என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீங்கள்தானே ஐயா பத்தியம் இல்லை, விரும்பினதைக் குடுங்கோ எண்டு சொன்னனீங்கள்” என்றேன்.

டொக்டருக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தனை நாளும் சிரிக்காத மனிதர். இங்கிலீசு வைத்தியத்தில் பத்தியம் இல்லை, குளிர்ந்தது பட்டால் காயத்தில் ரத்தம் கசியாமல் நிற்கும், நோவும் குறையும், அதற்காகத்தான் ஐஸ்பழம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். தருமு என் சட்டையை விட்டான். பூரணம் அவனைக் கிட்டக் கூப்பிட்டு, கடதாசியில் நிதானமாக எழுதி நீட்டினாள். அவன் எல்லோருக்கும் கேட்க உரத்து வாசித்தான்: “ஆட்டைச் சிறுத்தை தின்னேல்லை.”

அதற்குப் பிறகு நடந்ததை விட்டுவிடுகிறேன். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் விடுகைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிரவு நான் சீட்டு விளையாடப் போகவில்லை. அவளுடைய நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன். குறட்டை இருந்தது, சின்னதாக. மூச்சு ஒருதரமும் நிற்கவில்லை.